எருமையின் ஞாயிற்றுக்கிழமை

வாரம் முழுவதும் பகலெல்லாம் அக்கா எருமையின்மேல்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், எருமை குளித்து முடிக்கும்வரை, இறங்கியிருப்பாள்.

எருமை என்பது அவளுடைய பேட்டரி நாற்காலி. வாங்கி வந்த அன்றே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. கறுப்பு நிறம். தூக்க நாலு ஆள் வேண்டும். சேற்றைக் கண்டால் இறங்காமல் வராது. மனது வைத்தால் நடக்கும், வைக்காவிட்டால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நடுவழியில் நிற்கும். இதற்கு வேறென்ன பெயர் வைப்பது? கடைக்காரர் கொடுத்த புத்தகத்தில் எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒரு பெயர் போட்டிருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அக்கா என்பதும் அப்படி விழுந்த பெயர்தான். கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. ஆனால் தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த தபால்காரர்கூட "அக்கா, ஒரு கையெழுத்து" என்று வாசலில் நிற்பார். ஆரம்பத்தில் அவளுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. பிறகு, போகட்டும், பாட்டி என்று கூப்பிடாத வரைக்கும் லாபம் என்று விட்டுவிட்டாள்.

இருபது வயது தாண்டும்வரை ஓடியாடித் திரிந்தவள்தான். அதற்குப் பிறகு கால்கள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. முதலில் மாடிப்படி போயிற்று, பிறகு வாசற்படி, பிறகு நிற்பதே போயிற்று. "சொல்லாம கொள்ளாம போகலை, நல்ல விருந்தாளிங்க மாதிரி சொல்லிட்டுத்தான் போச்சு" என்பாள். கைகளும் வாயும் போகவில்லை. கால்களில் குறைந்ததெல்லாம் வாயில் வந்து சேர்ந்துகொண்டது என்பது தம்பியின் கட்சி.

தெருக்கோடியில் இருந்த நர்சரியில் அவளுக்கு வேலை. வெட்டிய கிளைகளைச் சின்னச் சின்னத் தொட்டிகளில் ஊன்றி வேர் பிடிக்கவைப்பாள். பச்சை வலை போட்ட கூரைக்குக் கீழே அவளுடைய மேஜை. தலைக்குமேல் ஓடும் குழாய்கள் அவ்வப்போது தண்ணீரைப் புகையாகத் தூவும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எந்நேரமும் விடிந்தும் விடியாத ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பேசிக்கொண்டே இருப்பவள்கூடக் கொஞ்ச நேரத்தில் பேச்சை மறந்துவிடுவாள். குச்சியாகக் கிடக்கிற ஒன்று யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள்ளே வேர் விட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குப் போதை மாதிரி.

அவளுக்கு ஒத்துக்கொண்ட அந்த இடம் எருமைக்கு ஆகாது. தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஜென்மப் பகை. சக்கரத்தின் பள்ளங்களில் மண் அப்பிக்கொள்ளும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்களின் அச்சில் தேங்காய் நாரும் கட்டுக்கயிறும் அவளுடைய தலைமுடியும் சுற்றிக்கொண்டு, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இருக்கைக்கு அடியில் இருக்கும் இரண்டு பேட்டரிகளின் தலையிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் குளியல். குளியல் என்றுதான் பெயர், குழாயைத் திருப்பி அடித்தால் எருமை அன்றோடு செத்தது. எல்லாம் ஈரத்துணிதான்.

குளிப்பாட்டுகிறவன் தம்பி. அவனுக்கு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. நாளெல்லாம் ஊரார் வீட்டுக் கிணறு மாதிரியான இருட்டுக் கூண்டுகளில் ஏறி இறங்குகிறவனுக்கு, விடுமுறை நாளிலும் ஒரு மோட்டாரின் முன்னால் குந்திக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது.

வேலை எப்போதும் ஒரே வரிசையில் நடக்கும். அக்கா எருமையைப் பின்வாசல் பெஞ்சை ஒட்டி நிறுத்தி, வழுவழுப்பான பலகை ஒன்றை இரண்டுக்கும் நடுவே போட்டு, சறுக்கி பெஞ்சுக்கு வந்துவிடுவாள். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கப்புறம் அவளுக்கு எல்லாம் சத்தம்தான். முதலில் ஸ்விட்சை அணைக்கும் 'கிளிக்'. பிறகு 'டக்', 'டக்'. அது மோட்டார்களின் மஞ்சள் பிடிகள். பக்கத்துக்கு ஒன்று. பிடியை மேலே தூக்கினால் மோட்டார் சக்கரத்தை விட்டுவிடும், பிரேக்கும் போய்விடும், வண்டியைக் கையாலேயே இப்படி அப்படித் திருப்பலாம். திரும்ப அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றை அழுத்த மறந்தாலும் எருமை ஓர் அங்குலம் நகராது, விளக்கை மட்டும் சிமிட்டும். அடுத்து பிரஷ் போடும் சரசரப்பு. மண்கட்டிகள் பழைய பேசினில் விழும் பொதபொதப்பு. அச்சிலிருந்து முடியை இழுக்கும்போது தம்பி விடும் பெருமூச்சு. "ஒரு சவுரியே பின்னலாம்கா, இவ்வளவு முடி."

சோடா மாவு கரைத்த தண்ணீரைத் தொட்டு அவன் பேட்டரியின் தலையைத் துடைக்கும்போது மெல்லிய 'உஸ்' கேட்கும். அதற்குள் அக்கா பாதி உறங்கியிருப்பாள்.

எருமை இல்லாமல் அவளால் அடுத்த அறைக்குப் போக முடியாது. வீடு தீப்பிடித்தால் பெஞ்சோடு தூக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குப் பயமே வந்ததில்லை. எங்கும் போக வேண்டாம் என்ற நிம்மதிதான் வந்தது. மூடிய கண்ணுக்குள் எருமை தானாகவே பின்வாசலைத் தாண்டி நடக்கும். தெருவுக்குப் பதில் அங்கே தண்ணீர் இருக்கும். கழுத்தளவு தண்ணீரில் அது மெதுவாக நீந்திப்போக, சக்கரங்களிலிருந்து கொடிகள் முளைத்துப் பின்னால் மிதந்துவரும். அவள் மேலே உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருப்பாள். குளிர்ச்சி முழங்கால்வரை ஏறும். 'டக்', 'டக்' என்று பிடிகளை அழுத்தும் சத்தம் கேட்டால் கனவு முடிந்தது என்று அர்த்தம்.

கொடிகள் கனவில் மட்டும் முளைக்கவில்லை. அந்தப் பழைய பேசினிலும் முளைத்தன. நர்சரியில் சிந்திய விதையெல்லாம் சக்கரத்து மண்ணோடு வீட்டுக்கு வந்து சேர, பேசின் ஒரு குட்டிக்காடாகிவிட்டது. என்ன செடி என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். தம்பி எதைப் பார்த்தாலும் தக்காளி என்பான். ஒருமுறைகூட அது தக்காளியாக இருந்ததில்லை.

இப்படியே போயிருக்கும், கப்பல்காரி மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அவள் கப்பல் ஓட்டுகிறவள் இல்லை. ஊரை ஒட்டிக் கிடக்கும் நீர்ப்பரப்புக்கு அக்கரையில் இருக்கும் துறைமுக நகரத்தில், பயணிகள் படகுக்குச் சீட்டுக் கிழிக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். அங்கே லிப்ட் ரிப்பேருக்குப் போன தம்பி, சீட்டு வாங்கினான், மீதிச் சில்லறையை மறந்தான், வாங்கப் போனான், குடையை மறந்தான். மறதியிலேயே ஒரு காதல் வளர்ந்தது. கப்பல்காரி என்று பெயர் வைத்தது அக்காதான். நேரில் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அளந்து பேசுகிற பெண். நம் வீட்டுக்கு அப்படி ஒருத்தி வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வருஷங்கள் ஓடின. தம்பிக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. துறைமுகத்தில் பெரிய கட்டடங்கள் எழுந்து, அங்கேயே நிரந்தர வேலைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். கப்பல்காரிக்கு அந்த ஜன்னலை விட்டு வர வழியில்லை. அவன் போனால் கல்யாணம். போகாவிட்டால் இல்லை. அவன் "பார்க்கலாம்" என்றான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கப்பல்காரி கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், இனிமேல் கேட்க மாட்டேன் என்று.

இதை அக்காவிடம் அவன் சொல்லவில்லை. கப்பல்காரிதான் போனில் சொன்னாள். "எனக்கு உங்க மேல கோவம் இல்லைக்கா. அவர்கிட்ட கேட்டா, எருமையை யாரு பாத்துப்பான்னு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்றது?"

போனை வைத்த அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இவளுக்குத் தம்பியே படையாக வந்து நின்றான்.

"ஏண்டா, ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கொண்டுபோய் என் சக்கரத்துல சுத்தி வச்சிருக்கியே, வெக்கமா இல்லை உனக்கு?"

"இப்ப எதுக்குக்கா கத்தறே? நான் போயிட்டா வண்டியை யாரு பாப்பா?"

"நான் பாத்துப்பேன்."

"நீயா? முன்சக்கரத்துக்கு எப்படிக் குனிவே? நான் ஜாக்கி போட்டுத் தூக்கித்தான் எடுக்கறேன்."

"ஜாக்கியை நீ வச்சுக்கோ. எனக்கு மூளை இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாம் நானே செய்றேன். நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து பாரு. செஞ்சு முடிச்சு நான் தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்னா, மறுநாளே நீ அந்த வேலைக்குச் சரின்னு சொல்லணும்."

"வண்டி நின்னுடுச்சுன்னா?"

"நின்னுடுச்சுன்னா நீ இங்கயே இரு. நான் இதைப் பத்திப் பேசவே மாட்டேன்."

அக்கா பேசவே மாட்டாள் என்பது சாதாரண வாக்குறுதியா? அவன் உடனே ஒப்புக்கொண்டான்.

அந்த ஞாயிறு மேகமூட்டமாக விடிந்தது. பின்வாசலில் நர்சரி வெளிச்சம். தம்பி முக்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா பலகையில் சறுக்கிப் பெஞ்சுக்கு வந்தாள். பக்கத்தில் ஆயுதங்களைப் பரப்பிவைத்திருந்தாள். பிரஷ், துணிகள், ஒரு கைக்கண்ணாடி, பூப்பின்னும் ஊசி, நர்சரியில் தொங்குதொட்டிகளை இறக்கும் நீளமான கொக்கிக் கம்பி.

கிளிக். கம்பியை நீட்டி டக், டக். எருமை வசமாயிற்று. இருக்கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். பெரிய சக்கரங்களைச் சுரண்டினாள், கட்டைவிரலால் அழுத்திக் காற்றுப் பார்த்தாள். வண்டியைத் திருப்பத் திருப்ப நாலு பக்கமும் அவளிடமே வந்தது. முன்சக்கரத்துக்கு அவள் குனியவில்லை. கண்ணாடியைக் கம்பியால் தரையில் இறக்கிச் சாய்த்துவைத்து, அதில் பார்த்துக்கொண்டே கம்பி நுனியில் கட்டிய ஊசியால் முடியை ஒவ்வோர் இழையாக இழுத்தாள். கண்ணாடிக்குள் இடம் வலமாகிவிடுவதால் ஊசி நாலு முறை தப்பாகப் போயிற்று. தம்பியின் பிட்டம் முக்காலியிலிருந்து நாலு முறை எழுந்தது.

"உக்காருடா."

"அங்க இல்லைக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம்..."

"வாயையும் கட்டிக்கோ."

பேட்டரி மூடியைக் கழற்றினாள். சோடா மாவுத் தண்ணீர் 'உஸ்' என்றது. அந்தச் சத்தத்தைத் தானே உண்டாக்கியபோது அவளுக்கு என்னவோ செய்தது. இவ்வளவு நாளும் கண் மூடியபடி கேட்ட சத்தம் ஒவ்வொன்றும் இப்போது கையில் ஒரு பொருளாக இருந்தது. கனவுக்குள் போய் அங்கிருந்த சாமான்களைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஓட்டும் குமிழின் ரப்பர் உறையில் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். இல்லை. மூடியை மாட்டினாள். கடைசியாகக் கம்பியை நீட்டி மஞ்சள் பிடிகளை அழுத்தினாள். டக். டக்.

"முடிஞ்சுது" என்றாள்.

தம்பியின் முகம் வாடிப்போயிருந்தது. "உடனே ஏறாதே. ரொம்ப அலுத்திருப்பே. கொஞ்சம் சாஞ்சுக்கோ" என்றான்.

அலுப்பு உண்மைதான். அவள் தலையணையில் சாய்ந்தாள். கண்ணை மூடியதும் பழக்கதோஷத்தில் கனவுத் தண்ணீர் வந்துவிட்டது. எருமை நீரில் இறங்கப் போனது. அப்போது 'டக்'.

ஒன்றே ஒன்று. துணியால் பொத்தியது மாதிரி அடங்கிய சத்தம்.

கனவில் கேட்டதோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் கனவில் அந்தக் கரகரப்பு இருக்காது. இடது பக்கப் பிடி மேலே போகும்போது மட்டும் தொண்டை கட்டிய மாதிரி ஒரு கரகரப்பு உண்டு. பன்னிரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேட்ட கரகரப்பு அது. தம்பி பிடியைத் தூக்கிவிட்டான்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. முதலில் பொங்கிக்கொண்டு கோபம் வந்தது. வயிற்றில் பிறக்காத பிள்ளையாக அவள் வளர்த்த தம்பி, திருட்டுப் பூனை மாதிரி இப்படிச் செய்வானா? கோபத்துக்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. இப்போது ஏறி, எருமை விளக்கைச் சிமிட்டினால், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடுத்த ஞாயிறும் பிரஷ் சத்தம் கேட்கும், பேசினில் மண் விழும், அவள் தூங்கலாம். தெரியாத மாதிரி இருந்துவிட்டால் போதும். அந்த ஆசை அவளைத் தண்ணீர் மாதிரி கழுத்துவரை சூழ்ந்தது. அக்கரையில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் சீட்டுக் கிழித்துக்கொண்டு, இனிமேல் கேட்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவளின் முகம் வந்த பிறகுதான் அவளால் மூச்சுவிட முடிந்தது.

எழுந்து உட்கார்ந்தாள். கொக்கிக் கம்பியை எடுத்தாள். நிதானமாக எருமையின் அடியில் நீட்டி, இடது பிடியை அழுத்தினாள்.

டக்.

தம்பி முக்காலியின் நுனிக்கு வந்தான். "என்னக்கா, அதான் முன்னாடியே போட்டுட்டியே."

"போட்டேன். யாரோ கழட்டிட்டாங்க. பூனையா இருக்கும்."

"நம்ம வீட்ல ஏது பூனை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"ஒரு பக்கம் பிரேக் இல்லாம நான் ஏறி, வண்டி நழுவி விழுந்திருந்தா?"

"நீ ஏறும்போது பின்னாடி கெட்டியா பிடிச்சிட்டு நின்னிருப்பேன். உன்னை விழ விடுவேனாக்கா?"

"மாட்டே. அது தெரியும்டா எனக்கு. அதனாலதான் அடிக்கத் தோணாம அழத் தோணுது."

அவன் முக்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தான், எருமையின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு. "எனக்குப் பயமா இருக்குக்கா" என்றான். "அங்க போனா நான் யாருக்கு என்ன? இங்க வாரம் பூரா எவனெவனோ லிப்டுல மாட்டிக்கிட்டுத் திட்டுவான். ஞாயித்துக்கிழமை இந்தச் சக்கரத்தைத் தொட்டாத்தான் நானும் ஒரு மனுஷன்னு தோணும். அவ நல்லாத்தான் பாத்துப்பா. ஆனா அவளுக்கு என்னால என்ன ஆகணும்? அவ எல்லாத்தையும் அவளே செஞ்சுக்கறவ."

"நானும்தான் செஞ்சுக்கறேன். இப்பப் பாத்தே இல்லை? உன்னாலதான் நகருவேன்னு உன்னை நான் வச்சுக்கலைடா. நீ இருந்தா எனக்குத் தூக்கம் வருது. அவளுக்கும் ஏதாவது வரும். போய்ப் பாரு."

அவன் மூக்கைத் துடைத்த துணி, பேட்டரி துடைத்த துணி. தும்மித் தீர்த்தான். அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பலகையில் சறுக்கி ஏறினாள். இந்தமுறை அவன் பின்னால் பிடிக்கவில்லை. விளக்கு பச்சையாக எரிந்தது, சிமிட்டவில்லை.

தெருவில் அப்போதுதான் தூறல் நின்றிருந்தது. ஈரச்சாலையில் வானம் கிடந்தது. எருமை அதன்மேல் சத்தமில்லாமல் போனது. நார் சுற்றாத சக்கரம் இழுக்காமல் நேராகப் போனது. சுவர்களும் ஜன்னல்களும் காயப்போட்ட துணிகளும் இரண்டு பக்கமும் மெதுவாக மிதந்து பின்னால் போயின. விழித்துக்கொண்டே கனவில் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. தெருமுனையில் திரும்பினாள். தூரத்தில் வாசலில் தம்பி சின்னதாகத் தெரிந்தான். அவனைப் பார்த்தபடி வருகிற வழியெல்லாம் அழுதாள். வாசலுக்கு வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரின்னு சொல்லிடு" என்றாள்.

அவன் மறுநாள் சொன்னான். மாதம் முடிவதற்குள் போனான். பேசினிலிருந்து ஒரு செடியை வேரோடு பெயர்த்து ஒரு டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். "தக்காளி" என்றான் அவன், கண்கள் கலங்க. "தக்காளிதான்" என்று அன்றைக்கு மட்டும் அவளும் ஒத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலையில் அவள் ஆயுதங்களைப் பரப்பிவைத்தபோது போன் அடித்தது. கப்பல்காரி. "அக்கா, உங்க தம்பி காலையிலேர்ந்து கூண்டுப்புலி மாதிரி உலாத்திட்டிருக்காரு. நீங்க போனை அப்படியே பக்கத்துல வச்சுட்டு உங்க வேலையைப் பாருங்க. இவரு பேச மாட்டாராம். சும்மா கேப்பாராம்."

"குறை சொன்னான்னா வச்சுடுவேன்."

"சொல்ல மாட்டாரு. பெஞ்சுல படுத்துக் கண்ணையும் மூடியாச்சு."

அக்கா போனைப் பேசினின் விளிம்பில் சாய்த்துவைத்தாள். கிளிக். டக், டக். பிரஷ் சரசரத்தது. மண் பொதபொதவென்று விழுந்தது. போனில் அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. நடுவே அது நீளமாகி, ஆழமாகி, குறட்டைக்குப் பக்கத்தில் வந்தது. பேட்டரி 'உஸ்' என்றபோது தூரத்தில் ஒரு படகின் சங்கு ஒலித்தது. அங்கேயும் தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூடியை மாட்டினாள். கம்பியை நீட்டி வலது பிடியை அழுத்தினாள்.

டக்.

இடது பிடியின்மேல் கொக்கியை வைத்தாள். அழுத்தவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். தூங்கிவிட்டான் போலிருக்கிறது. தூங்கட்டும். இருந்தாலும் அழுத்த மனது வரவில்லை.

போனில் மூச்சு நின்றது.

"அக்கா," என்றான் தூக்கக் கலக்கத்தில், "இன்னொண்ணு?"

அவள் கொக்கியை அழுத்தினாள்.